நிலா மண்ணுக்கு அடியில மைக்ரோவேவ் என்னத்த பாக்குது? சிபிஆர் 1-க்கு மேல வந்தா ஐஸ்னு சொல்லிடலாமா?

#1 அரைநிலா

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வந்து படிச்சிட்டு சத்தம் போடாம போயிடுவேன், இப்பதான் முதல் தடவையா இழை தொடங்கறேன், முட்டாள்தனமா எதாவது கேட்டிருந்தா பொறுத்துக்கோங்க.

முதுகலை ப்ராஜெக்ட்டுக்கு சந்திரயான்-2 ஆர்பிட்டரோட ரேடார் டேட்டா எடுத்திருக்கேன், எல் பேண்ட் எஸ் பேண்ட்னு ரெண்டு அலைநீளமும் இருக்கே அது. தென் துருவத்துக்கு பக்கத்துல பேர் கூட இல்லாத ஒரு பள்ளம், குறுக்கால ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும், உள்ள பெரும்பகுதி எப்பவுமே நிழல். அதுக்கு சிபிஆர் (வட்ட போலரைசேஷன் விகிதம், ரேடார் எதிரொலியிலருந்து எடுக்கறது) கணக்கு போட்டு கலர் மேப் ஆக்கினா பள்ளத்துக்குள்ள செக்கச்செவேல்னு வருது, 1-க்கு மேல, சில இடத்துல 1.4. விளிம்ப தாண்டி வெளிய வந்தா நீலம், 0.3, 0.4 அவ்ளோதான்.

2010-ல சந்திரயான்-1-ல போன மினி-சார் ரேடார் டேட்டாவ வெச்சு வட துருவத்துல 40-க்கு மேல பள்ளங்கள்ல ஐஸ் இருக்கு, கொறஞ்சது 60 கோடி டன் இருக்கும்னு நாசா சொன்னாங்கல்ல, அங்கயும் இதே லாஜிக்தான, உள்ள அதிகம் வெளிய கம்மி? அதுவுமில்லாம தண்ணிக்கு டைஎலக்ட்ரிக் மதிப்பு (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்ளோ அசைஞ்சு குடுக்குதுங்கற நம்பர்) 80, நிலா மண்ணுக்கு 3 சொச்சம்தான், அப்போ ஐஸ் இருந்தா பளிச்சுனு தெரியணுமே. நான் ஐஸ் கண்டுபிடிச்சிட்டேனா இல்லையா? நேத்து ராத்திரி தூக்கமே வரல.

#2 சந்தேகப்பேர்வழி

வருஷத்துக்கு ரெண்டு தடவ யாராவது நிலாவுல தண்ணி கண்டுபிடிச்சிட்றாங்க. இந்த வருஷ கோட்டா முடிஞ்சுது.

#3 எதிரொலி

மேல இருக்கறவர கண்டுக்காதீங்க அரைநிலா, அவர் அப்படித்தான். கேள்வி நல்ல கேள்வி, ஆனா உள்ள ரெண்டு தப்பு ஒளிஞ்சிருக்கு.

முதல்ல அந்த 80. அது திரவமா இருக்கற தண்ணிக்கு. தண்ணி மூலக்கூறு சுதந்திரமா திரும்பற வரைக்கும்தான் அந்த பெரிய நம்பர், உறைஞ்சு போச்சுன்னா மைக்ரோவேவ் அலைவரிசையில அதுங்களால திரும்ப முடியாது, மதிப்பு படக்குனு 3.1, 3.2-க்கு விழுந்துடும். நிலா மண்ணு எவ்ளோ? 2.7-லருந்து 3 சொச்சம். அதாவது ஐஸும் மண்ணும் ரேடாருக்கு ஏறக்குறைய ஒரே ஆளு. பூமியில மண்ணோட ஈரத்த ரேடார்ல சுலபமா அளக்கறோம்னா அது அந்த 80-ஓட புண்ணியம், அந்த வசதிய நிலாவுக்கு தூக்கிட்டு போக முடியாது. நானே பூமி டேட்டாவுலருந்து இந்த பக்கம் வந்தவன், முதல் மாசம் இதே குழியில விழுந்தேன்.

ரெண்டாவது சிபிஆர். வட்டமா சுழலுற போலரைசேஷன்ல (அலை அதிர்ற திசை சுத்திகிட்டே போற மாதிரி) அனுப்பறோம்னு வெச்சுக்கோங்க. வழவழப்பான தரையில பட்டு திரும்பினா சுழற்சி தலைகீழா மாறிடும், கண்ணாடியில வலது கை இடது கை ஆகற மாதிரி. ரெண்டு தடவ முட்டி திரும்பினா மறுபடி பழைய சுழற்சிக்கே வந்துடும். அனுப்பின அதே சுழற்சியில திரும்பி வந்தது எவ்ளோ, எதிர் சுழற்சியில வந்தது எவ்ளோ, ரெண்டோட விகிதம்தான் சிபிஆர். (உங்க டேட்டாவுல ஹெச்சும் வியும், அதாவது கிடைமட்டமும் செங்குத்தும், மாத்தி மாத்தி அனுப்பி நாலு சேனலும் கிடைக்குது, அதுலருந்து கணக்குல வட்ட போலரைசேஷனுக்கு மாத்திக்கறீங்க. மினி-சார்ல நெஜமாவே வட்டமா அனுப்பி, ஹெச் வி ரெண்டுலயும் வாங்கினாங்க.)

ஐஸ் ஏன் சிபிஆர ஏத்துது? சுத்தமான ஐஸ் சிக்னல ரொம்ப கம்மியாத்தான் உறிஞ்சும், அதனால அலை உள்ள போய் வெடிப்பு, கல்லு, கட்டின்னு பல எடத்துல முட்டி மோதி நிதானமா வெளிய வருது. ஒரே பாதைய முன்னால இருந்து பின்னால போன அலையும் பின்னால இருந்து முன்னால போன அலையும் வர்றப்போ ஒத்த கட்டத்துல சேர்ந்து ஒண்ண ஒண்ணு தூக்கி விடும், அனுப்பின சுழற்சியும் பெரும்பாலும் மாறாம இருக்கும். வியாழனோட யூரோப்பா, கானிமீட்ல இது அப்பட்டமா தெரியும், புதனோட துருவத்துலயும் 1991-ல பூமியிலருந்து ரேடார் அடிச்சு பாத்தப்போ பளீர்னு தெரிஞ்சுது.

ஆனா ரெண்டு தடவ முட்டறதுக்கு ஐஸ்தான் வேணும்னு யார் சொன்னா? ஒரு பாறையும் அதுக்கு பக்கத்துல தரையும் போதும்.

#4 குழிமுயல்

எதிரொலி விட்ட எடத்துலருந்து புடிக்கறேன், பாறை என் ஏரியா.

தம்பியோ தங்கச்சியோ, ஒரு வேலை பண்ணு. நிலநடுக்கோட்டு பக்கத்துல நல்லா இளசா ஒரு பள்ளம் எடு, பகல்ல 120 டிகிரி செல்சியஸ் காயற எடம், அங்க ஐஸ் ஒரு நாள் கூட தங்காது. அதுக்கு சிபிஆர் போட்டு பாரு. 1-க்கு மேல வரும். மோதல்ல உடைஞ்ச பாறைங்க அலைநீளத்தோட அளவுல, பத்து இருவது சென்டிமீட்டர், அரை மீட்டர்னு சிதறி கெடக்கும், மேலயும் சரி, மண்ணுக்குள்ள புதைஞ்சும் சரி. ரேடாருக்கு அந்த கல்லுக்குவியலும் ஐஸும் ஒண்ணுதான்.

"உள்ள மட்டும்தான அதிகம், வெளிய இல்லையே"ன்னு கேப்ப. அந்த வாதம்தான் 2010-ல சொன்னது. புது பள்ளம்னா உள்ள வெளிய ரெண்டு பக்கமும் கல்லு இருக்கும், அதனால உள்ள மட்டும் அதிகமா இருந்தா அது கல்லு இல்ல ஐஸ்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் தேடினா இதே மாதிரி உள்ள மட்டும் செவந்த பள்ளங்க துருவத்துக்கு ரொம்ப தள்ளி, வெயில் அடிக்கற எடத்துலயும் இருக்கு. காரணம் சிம்பிள். வெளிய சமதரையில கெடக்கற கல்ல குட்டி குட்டி விண்கல்லு கோடிக்கணக்கான வருஷம் தட்டி தட்டி பொடியாக்கிடும். உள்ள சுவர் சரிவா இருக்கறதால மேல் மண்ணு சரிஞ்சுகிட்டே இருக்கும், அடியிலருந்து புதுசு புதுசா கல்லு வெளிய வந்துகிட்டே இருக்கும். அதனால நடுத்தர வயசு பள்ளத்துல வெளி நீலம் உள் சிவப்பு. ஐஸ் ஒரு துளி இல்லாமலே.

#5 அரைநிலா

தங்கச்சிதான் அக்கா. 😭 அப்போ என் சிவப்பு எல்லாம் கல்லா? LCROSS-னு... சாரி, நாசாவோட எல்கிராஸ் கலம் 2009 அக்டோபர்ல கேபியஸ் பள்ளத்துல மோதினப்போ தண்ணி வந்துச்சுதானே? அது பொய் இல்லையே?

#6 குழிமுயல்

பொய் இல்லம்மா, அக்டோபர் 9, கெளம்பின மண்ணுல எடைக்கு 5.6 சதவீதம் தண்ணி, கூட்டியோ கொறச்சோ 2.9. ஐஸ் இருக்கு, அதுல சண்டை இல்ல. ஆனா மண்ணுத்துகளோட துகளா கலந்து கெடக்கற ஐஸ் வேற, ரேடார் விளையாடறதுக்கு தேவையான மீட்டர் கணக்கு தடிமனுள்ள சுத்தமான ஐஸ் வேற. நூத்துல அஞ்சாறு பங்கு பொடி ஐஸ் கலந்த மண்ணு ரேடாருக்கு வெறும் மண்ணு மாதிரியேதான் இருக்கும். சிபிஆர் கம்மியா இருக்கற எடத்துல ஐஸ் இல்லன்னும் சொல்ல முடியாது, அதிகமா இருக்கற எடத்துல இருக்குன்னும் சொல்ல முடியாது. கொடுமை.

#7 பழைய_ரேடியோ

இந்த சண்டை புதுசு இல்ல பிள்ளைகளா. 1994-ல அமெரிக்காவோட கிளெமென்டைன் கலம் நிலாவுக்கு போச்சு, அதுல ரேடாரே கிடையாது. இருந்த ரேடியோ டிரான்ஸ்மிட்டர தென் துருவத்து பக்கம் திருப்பி, தெறிச்சு வர்ற சிக்னல பூமியில பெரிய டிஷ்ல புடிச்சாங்க, ஐஸ் மாதிரி தெரியுதுன்னு 1996-ல சொன்னாங்க. அதே எடத்த புவேர்ட்டோ ரிக்கோவுல இருந்த அரெசிபோ டிஷ்ல பாத்தவங்க, அட இதே மாதிரி எதிரொலி வெயில் படற எடத்துலயும்தான் வருது, கல்லுதான்னு சொன்னாங்க. 2006-ல இன்னும் தெளிவான படத்தோட மறுபடி அதையே சொன்னாங்க. நாலு வருஷத்துல மினி-சார் அறிவிப்பு. முப்பது வருஷமா ஊஞ்சல் ஆடுது.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. எல்லாரும் ரேடார் ரேடார்னே பேசறீங்க, சும்மா காது குடுத்து கேக்கறத யாரும் பேசல. நிலா தானாவே மைக்ரோவேவ் வெளிய விடுது, சூடா இருக்கற எல்லாப் பொருளும் விடும். 1949-ல ஆஸ்திரேலியாவுல பிடிங்டன், மின்னெட்னு ரெண்டு பேரு, போர்க்காலத்து ரேடார் அறிவ வெச்சுக்கிட்டு, 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்துல நிலாவ மாசம் பூரா அளந்தாங்க. எதிர்பாத்தது என்ன, பௌர்ணமி அன்னிக்கு உச்ச சூடு வரணும், அகச்சிவப்புல அப்படித்தான் வருது. இவங்களுக்கு உச்சம் பௌர்ணமி தாண்டி மூணரை நாள் கழிச்சு வந்துச்சு! ஏத்த இறக்கமும் அகச்சிவப்புல வர்றதவிட ரொம்ப கம்மி. ஏன்னா வெளிய வர்ற மைக்ரோவேவ் மேல்தோல்லருந்து வரல, கொஞ்சம் அடியிலருந்து வருது, வெயில் சூடு அங்க எறங்கி போய் சேர நேரம் புடிக்குது. அந்த மூணரை நாள் தாமதத்துலருந்தே மேல இருக்கறது கெட்டி பாறை இல்ல, சூடு சரியா கடத்தாத தூசுன்னு பிடிச்சிட்டாங்க. ஆம்ஸ்ட்ராங் கால் வெக்கறதுக்கு இருவது வருஷம் முன்னால, பூமியில உக்காந்துகிட்டு. எனக்கு இந்த துறையிலேயே ரொம்ப புடிச்ச விஷயம் இதுதான், வெறும் தாமதம், அதுலருந்து ஒரு தரையே தெரிஞ்சுது.

அப்புறம் வானியலாளர் தாமஸ் கோல்டு ஐயா தூசு அவ்ளோ ஆழம் எறங்கற கலம் முழுகிடும்னு பயமுறுத்தினதும், 1966-ல லூனா-9, சர்வேயர்-1 ரெண்டும் முழுகாம நின்னதும் தனி கதை.

#8 தூசு_படலம்

பழைய ரேடியோ சார், நன்றி, என் துறைக்கு ஒருத்தராவது குரல் குடுத்தீங்க.

அரைநிலாவுக்கு ஆழக் கணக்கு சொல்றேன், ப்ராஜெக்ட்ல கட்டாயம் கேப்பாங்க. மண்ணுக்குள்ள சக்தி மூணுல ஒரு பங்கு சொச்சமா கொறையற ஆழம் = அலைநீளத்த, 2 பை, டைஎலக்ட்ரிக் மதிப்போட வர்க்கமூலம், லாஸ் டேன்ஜென்ட் (மண்ணு சிக்னல எவ்ளோ முழுங்குதுங்கற நம்பர்) மூணையும் பெருக்கி வர்றதால வகுக்கணும். டைஎலக்ட்ரிக் 3, லாஸ் 0.01-னு போடுங்க, ஏறக்குறைய அலைநீளத்துல ஒம்பது மடங்கு வரும். பத்து மடங்குன்னு மனசுல வெச்சுக்கோங்க, போதும். சீனாவோட சாங்-இ 1-ம் 2-ம் கொண்டு போன ரேடியோமீட்டர்ல (நிலா தானா விடற மைக்ரோவேவ அளக்கற கருவி) நாலு அலைவரிசை, 3, 7.8, 19.35, 37 கிகாஹெர்ட்ஸ். 37-க்கு ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழம், 3-க்கு ஒரு மீட்டர் பக்கம். உங்க எல் பேண்ட் 24 சென்டிமீட்டர் அலை, அதனால ரெண்டு மீட்டர் சொச்சம், எஸ் பேண்ட் அதுல பாதி.

ஆனா இந்த லாஸ் எல்லா எடத்துலயும் ஒண்ணு இல்ல. கறுப்பா தெரியற சமவெளி மண்ணுல இரும்பும் டைட்டானியமும் ஜாஸ்தி, இல்மனைட் கனிமம், அது சிக்னல முழுங்கிடும், ஆழம் பாதி ஆயிடும். வெளிர் மேட்டுநிலத்துல லாஸ் 0.005 வரைக்கும் எறங்கும், ஆழம் ரெட்டிப்பு. அதனாலதான் மத்தியானத்துல எடுத்த மைக்ரோவேவ் மேப்ல டைட்டானியம் ஜாஸ்தியான சமவெளி சூடா தெரியும். அங்க நெஜமா சூடு ஜாஸ்திங்கறதவிட, அங்க நாம பாக்கறதே மேல் பக்கத்து சூடான மண்ணதான்.

ஒவ்வொரு அலைவரிசையும் ஒவ்வொரு ஆழத்து தெர்மாமீட்டர்னு நெனச்சுக்கலாம், ஆனா குச்சி மாதிரி ஒரு புள்ளியில அளக்காது, மேலருந்து அது வரைக்கும் எல்லாத்தையும் கலந்து ஒரே நம்பரா குடுக்கும். எவ்ளோ சீக்கிரம் வெப்பம் மாறுதுன்னு பாக்கணும்னா சந்திரயான்-3 சாஸ்டே கருவிய பாருங்க, 2023 ஆகஸ்ட்ல மண்ணுல குத்தினாங்க, மேல 50 டிகிரிக்கு மேல, எட்டு சென்டிமீட்டர் கீழ மைனஸ் 10. ஒரு விரல் நீளத்துல அறுவது டிகிரி! அந்த எட்டு சென்டிமீட்டரத்தான் 37 கிகாஹெர்ட்ஸ் ஒத்த நம்பரா பாக்குது.

#9 சந்தேகப்பேர்வழி

சரி ஒரு நெஜமான கேள்வி, கிண்டல் இல்ல. ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர்தான் பாக்க முடியும்னா, நிலாவுக்கு அடியில கிரானைட் மலையே இருக்கு, குகை இருக்குன்னு மைக்ரோவேவ்ல கண்டுபிடிச்சாங்கன்னு எப்படி செய்தி வருது? யாரு புளுகறா?

#10 தூசு_படலம்

யாரும் புளுகல. நீங்க கேட்டதிலேயே இதுதான் உருப்படி 😀

கிரானைட் கதை காம்ப்டன்-பெல்கோவிச். நிலாவோட பின்பக்கம், ஓரத்துக்கு கொஞ்சம் அந்தாண்ட, அதுல தோரியம்ங்கற கதிரியக்க தனிமம் அசாதாரணமா ஜாஸ்தின்னு 1998-ல போன லூனார் ப்ராஸ்பெக்டர் டேட்டாவுலயே தெரியும். 350 கோடி வருஷம் முன்னாடி கக்கி ஓஞ்ச எரிமலை. 2023 ஜூலையில வந்த ஆய்வு என்ன பண்ணுச்சுன்னா, சாங்-இ ரெண்டோட ரேடியோமீட்டர் டேட்டாவ எடுத்து அந்த எடம் அக்கம்பக்கத்தவிட எவ்ளோ சூடுன்னு பாத்துது. வெயில் சூடு பகல்ராத்திரி மாறும், ஆழம் போகப்போக செத்துடும். அடியிலருந்து வர்ற சூடு மாறாது. அதனால 37-ல பெருசா தெரியாம 3-ல தெரிஞ்சா, அது கீழருந்து வருது. கணக்கு போட்டா உச்சத்துல சதுர மீட்டருக்கு 180 மில்லிவாட், சுத்தி இருக்கற மேட்டுநிலத்தவிட இருவது மடங்கு. ஒப்பிடணும்னா அப்பல்லோ 15 குத்தி அளந்தது 21, அப்பல்லோ 17-ல 16. அவ்ளோ சூடு வரணும்னா கதிரியக்க தனிமங்கள் நெறைஞ்ச கிரானைட் 50 கிலோமீட்டர் அகலத்துக்கு கீழ கெடக்கணும். அலை ஒரு மீட்டர்தான் எறங்குச்சு, மிச்சத்த வெப்பம் தூக்கிட்டு வந்து குடுத்துது.

பிடிங்டன் மின்னெட்டோட அதே வித்தைதான், எழுபத்தி நாலு வருஷம் கழிச்சு.

#11 எதிரொலி

குகை செய்தியும் அப்படித்தான், மண்ண துளைச்சு பாக்கல. ட்ரான்க்விலிட்டாட்டிஸ் சமவெளியில 100 மீட்டர் அகலத்துல ஒரு செங்குத்து ஓட்டை. நாசாவோட எல்ஆர்ஓ ஆர்பிட்டர்ல இருக்கற மினி-ஆர்எஃப் ரேடார் 2010-லயே அத சாய்வா படம் எடுத்திருந்துது, சாய்வா பாத்ததால அலை ஓட்டை வாய் வழியா உள்ள போய் அடியில ஒரு பக்கமா கூடுதல் எதிரொலி குடுத்துது. 2024-ல அத மறுபடி கிண்டி, எந்த வடிவம் இருந்தா இப்படி திரும்பும்னு சிமுலேஷன் ஓட்டி, 130-லருந்து 170 மீட்டர் ஆழத்துல, 45 மீட்டர் அகலத்துல, 30-லருந்து 80 மீட்டர் நீளத்துக்கு ஒரு குகை போகுதுன்னாங்க. பதினாலு வருஷம் சர்வர்ல தூங்கின டேட்டா. அரைநிலா, பழைய டேட்டாவ கொறச்சு எடை போடாதீங்க.

நெஜமா ஆழமா துளைக்கணும்னா அலைநீளம் மீட்டர்க்கணக்குல போகணும், அப்போ அது மைக்ரோவேவே இல்ல. அப்பல்லோ 17, 1972 டிசம்பர்ல, 5, 15, 150 மெகாஹெர்ட்ஸ்ல அடிச்சு செரெனிட்டாட்டிஸ், கிரிசியம் சமவெளிக்கு கீழ ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர்ல அடுக்கு பாத்தாங்க. ஜப்பானோட ககுயா 5 மெகாஹெர்ட்ஸ்ல சில நூறு மீட்டர் ஆழத்துல எரிமலைக்குழம்பு அடுக்குங்க பாத்துது.

#12 பழைய_ரேடியோ

அப்பல்லோ 17 எதிரொலிங்க பதிவானது எதுலன்னு சொல்லலையே தம்பி, ஃபிலிம்ல! டிஜிட்டல் கிடையாது. திரும்பி வர்ற வழியில ரான் எவன்ஸ் வெளிய நடந்து போய் அந்த ஃபிலிம் டப்பாவ கையால எடுத்துட்டு வந்தாரு. இப்ப பிள்ளைங்க டவுன்லோடு மெதுவா இருக்குன்னு அழுவறீங்க.

#13 சந்தேகப்பேர்வழி

அப்போ சாங்-இ 4-ஓட யுட்டு-2 வண்டி 40 மீட்டர் ஆழம் பாத்துதே, அது 500 மெகாஹெர்ட்ஸ்தான. அலைநீளம் 60 சென்டிமீட்டர், பத்து மடங்குன்னா ஆறு மீட்டர்தான வரணும். உங்க கணக்கு எங்கயோ இடிக்குதே தூசு.

#14 தூசு_படலம்

இடிக்கல, பாருங்க. அந்த எடத்து மண்ணோட லாஸ் 0.005 அளவுதான், அதனால ஆறு இல்ல பத்து மீட்டருக்கு மேலயே முதல் படி. அதுவுமில்லாம அந்த ஆழம் ஒண்ணும் சுவர் இல்ல, அங்க சிக்னல் மூணுல ஒரு பங்கு ஆகுது அவ்ளோதான், அதுக்கும் கீழ கேட்டுகிட்டே போகலாம், ரிசீவர் காது எவ்ளோ கூர்மைங்கறத பொறுத்தது. தரையில உருண்டுகிட்டு அடிக்கற ரேடாருக்கு திரும்பற சிக்னல் பலமா இருக்கும், நூறு கிலோமீட்டர் மேல சுத்தற ஆர்பிட்டருக்கு அந்த சொகுசு இல்ல. அதுல பாத்தது 12 மீட்டர் வரைக்கும் பொடி மண்ணு, 24 வரைக்கும் கல்லு கலந்தது, அதுக்கு கீழ 40 வரைக்கும் மாறி மாறி.

#15 எதிரொலி

தூசு, பேச்சு வந்ததால கேக்கறேன், சண்டைக்கு இல்ல (கொஞ்சம் சண்டைக்குத்தான்). சாங்-இ 1 ரேடியோமீட்டர் போனதுக்கு சொன்ன காரணம் ரெகோலித், அதாவது மேல் மண்ணோட தடிமன அளந்து ஹீலியம்-3 எவ்ளோ இருக்குன்னு கணக்கு போடறது. சமவெளியில தடிமன் நாலஞ்சு மீட்டர், மேட்டுநிலத்துல பத்து பதினஞ்சு. உங்க கருவி பாக்கறது ஒரு மீட்டர். கெணத்துல வாளி எட்டற வரைக்கும் எறக்கிட்டு கெணத்து ஆழம் சொல்ற மாதிரி இல்லையா இது?

#16 தூசு_படலம்

அடி விழும்னு தெரியும் 😀

ஒத்துக்கறேன், தடிமன் மேப்புகள நான் நம்பறதில்ல. அடிப்பாறையோட செல்வாக்கு 3 கிகாஹெர்ட்ஸ்ல மண்ணு மெலிசா இருக்கற எடத்துல மட்டும்தான் லேசா வரும், அந்த லேசும் டைட்டானியம் கொஞ்சம் கூடினாலே மறைஞ்சிடும், ஒரே நம்பருக்கு பத்து விடை. அதுவும் போதாதுன்னு கேலிப்ரேஷன் தலைவலி. குளிர்ந்த வானத்த பாத்து ஜீரோ வெச்சுக்கறதுக்குன்னு தனி ஆன்டெனா வெச்சாங்க, அது வானத்த மட்டும் பாக்காம பக்கவாட்டுல நிலாவோட சூட்டையும் கொஞ்சம் வாங்கிடுச்சு. அதனால முழு மதிப்ப அப்படியே நம்பி ஆழக்கணக்கு போட்டா சறுக்கும். ஒரு எடத்துக்கும் பக்கத்து எடத்துக்கும் உள்ள வித்தியாசத்த எடுத்தா பொழைச்சுக்கலாம், காம்ப்டன்-பெல்கோவிச் ஜெயிச்சதே அதனாலதான்.

ஆனா போன காரணம் ஒண்ணு, கிடைச்ச பலன் இன்னொண்ணு. இளம் பள்ளங்கள பாருங்க, டைக்கோ மாதிரி. அகச்சிவப்புல ராத்திரி சூடா தெரியும், பாறை சூட்ட புடிச்சு வெச்சுக்கும்ல. அதே எடம் ராத்திரி மைக்ரோவேவ்ல சில்லுனு தெரியும்! பாறைக்கு டைஎலக்ட்ரிக் ஆறு ஏழு, அதனால தானா வெளிய விடறது கம்மி, லாஸும் ஜாஸ்திங்கறதால அடியில இருக்கற கதகதப்பு நமக்கு வந்து சேரல. ஒரே கல்லு, ஒரு கண்ணுக்கு சூடு இன்னொரு கண்ணுக்கு குளிர். கல்லு எங்க இருக்குன்னு சொல்ல இதவிட சாட்சி வேணுமா.

#17 அரைநிலா

இத என் பள்ளத்துக்கு பண்ணலாமா தூசு அண்ணா?? கல்லா ஐஸானு இதுலயே முடிஞ்சிடுமே!

#18 தூசு_படலம்

முடியாதும்மா, சாங்-இ 2-ஓட ஒரு பிக்சல் 3 கிகாஹெர்ட்ஸ்ல 25 கிலோமீட்டர், மத்ததுல பதினேழு சொச்சம். உன் பள்ளம் ஏழெட்டு. ஒரு பிக்சல்குள்ள மூணு பள்ளம் தூங்கும்.

#19 எதிரொலி

அரைநிலா, உங்க டேட்டாவுலயே செய்ய வேண்டியது நெறைய இருக்கு. கல்லா ஐஸானு பாக்கறதுக்கு முன்னாடி, அந்த சிவப்பு நெஜமானு பாக்கணும்.

சிக்னல் ரொம்ப வீக்கான எடத்துல ரெண்டு சுழற்சியிலயும் வர்றது வெறும் இரைச்சல்தான், ரெண்டும் சமமா இருக்கும், விகிதம் தானா 1-ஐ நோக்கி போகும். அதனால முதல்ல இரைச்சல் அளவ ஒரு எடத்துல வெச்சு, அதுக்கு கிட்ட இருக்கற பிக்சல் எல்லாத்தையும் தூக்கி எறியுங்க. அடுத்து சராசரி. ஒத்த பிக்சல் சிபிஆர் நம்பவே கூடாது, எத்தன பிக்சல சேத்து எடுத்தீங்க? ஆள் புதுசுன்னா வழக்கமா இங்கதான் கோட்டை விடுவாங்க, நானும் விட்டிருக்கேன்.

பெருசா கவனிக்க வேண்டியது சரிவு. அலை எவ்ளோ சாய்வா விழுதோ சிபிஆர் அவ்ளோ ஏறும், ஐஸும் வேணாம் கல்லும் வேணாம். பள்ளத்துச் சுவர்ல ஒண்ணு ரேடார பாத்து நிக்கும், எதிர்ல இருக்கறது முதுகு காட்டி நிக்கும், முதுகு காட்டறது சும்மாவே செவக்கும். உயர மாடல் எடுத்து ஒவ்வொரு பிக்சலுக்கும் நெஜ சாய்வு போட்டு பிரிச்சு பாருங்க, முடிஞ்சா எதிர்பக்கத்துலருந்து எடுத்த இன்னொரு பாஸ் (ஆர்பிட்டர் ஒரு தடவ கடக்கறப்போ எடுத்த படம்) தேடுங்க, சிவப்பு எடம் மாறுதான்னு பாருங்க. எல் பேண்ட், எஸ் பேண்ட் ரெண்டையும் தனித்தனியா போடுங்க, சேக்காதீங்க.

(ஒரு வேண்டுகோள், ரிப்போர்ட்ல எஸ்ஏஆர்-னு (சிந்தெடிக் அபெர்ச்சர் ரேடார், இந்த வகை ரேடாரோட பேரு) எழுதுங்க. நான் ஒரு தடவ வெறும் சார்னு எழுதி, "சார் இரைச்சல் ஜாஸ்தி"ன்னு துறைத்தலைவருக்கு மெயில் போச்சு.)

#20 குழிமுயல்

😂😂 அந்த மெயில ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

என் பங்குக்கு ஒண்ணு. ஐஸ் தங்கணும்னா வெப்பம் 110 கெல்வினுக்கு கீழ இருக்கணும், எல்ஆர்ஓவோட டிவைனர் கருவி போட்ட வெப்ப மேப் எடுத்து உன் சிவப்பு மேல வெச்சு பாரு. ஐஸா இருந்தா குளிர்ந்த சமதரையில, பள்ளத்து அடியில படுத்திருக்கணும். சிவப்பு எல்லாம் சரிவுல தொங்குச்சுன்னா அது கல்லு. கொரிய ஆர்பிட்டர் தனூரியில ஷேடோகேம்னு ஒரு கேமரா இருக்கு, சுத்தி இருக்கற மலையில பட்டு சிதறி வர்ற வெளிச்சத்துலயே நிழல் பகுதிய படம் புடிக்குது, பாறை தெரியும். எண்ணு.

#21 அரைநிலா

பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன், சாரி. செமஸ்டர் வேற நடுவுல.

எல்லாம் பண்ணேன். வரிசையா சொல்லிட்றேன். இரைச்சல் வடிகட்டினதுலயே சிவப்புல கால்வாசி போயிடுச்சு. சராசரிக்கு நான் மூணுக்கு மூணு கட்டம்தான் வெச்சிருந்தேன், பெருசாக்கினதும் அந்த 1.4 எல்லாம் 1.1-க்கு எறங்கி வந்துடுச்சு (அந்த 1.4-ஐத்தான் வாட்சப்ல எல்லாருக்கும் அனுப்பி வெச்சிருந்தேன், எங்க போய் முட்டிக்கறது). எதிர்பக்க பாஸ் ஒண்ணு கிடைச்சுது, எல் பேண்ட் மட்டும். அதுல போட்டா முதுகு காட்டின சுவரோட சிவப்பு பாதி காணாமப் போய் எதிர் சுவர்ல கொஞ்சம் புதுசா வந்துச்சு. எதிரொலி அண்ணா சொன்னது அப்படியே.

ஆனா ரெண்டு பாஸ்லயும் மாறாம ஒரு சிவப்பு பட்டை நிக்குது, வடகிழக்கு சுவர்ல, நடுவுலருந்து அடிவாரம் வரைக்கும் நாக்கு மாதிரி. டிவைனர் மேப் வெச்சேன், ரொம்ப குளிர்ந்த பகுதி பள்ளத்து அடி, அங்க சிபிஆர் 0.4, சுத்தமா நீலம். ஷேடோகேம் படத்துல அந்த நாக்கு இருக்கற எடத்துல குத்து குத்தா புள்ளி. பாறை. மேலருந்து சரிஞ்சு வந்த பாறை.

ஐஸ் இல்ல.

கைடு கிட்ட பயந்துகிட்டே சொன்னேன், அவங்க "சரி, அப்ப தலைப்ப மாத்து"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. ஃபைல் பேர் ஐஸ்_இறுதி_2-னு இருந்துச்சு, இப்ப பாறை_1.

#22 சந்தேகப்பேர்வழி

முதல் பக்கத்துல கோட்டான்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். தானே போட்ட மேப்ப தானே கிழிச்சு போட்டவங்கள இங்க முதல் தடவயா பாக்கறேன்.

#23 எதிரொலி

அடியில 0.4-னு சொன்னீங்களே, அதையும் ரிப்போர்ட்ல போடுங்க, விட்டுடாதீங்க. "கெட்டியான ஐஸ் பாளம் ரெண்டு மீட்டருக்குள்ள இல்ல"ன்னு சொல்லலாம், "ஐஸே இல்ல"ன்னு எழுதிடாதீங்க. பொடியா கலந்திருந்தா இந்த டேட்டாவுக்கு தெரியாது.

#24 குழிமுயல்

அந்த நாக்குல எல் பேண்ட் சிபிஆர் அதிகமா எஸ் பேண்ட் அதிகமா? கல்லு சைஸ் எங்க இருக்குன்னு லேசா பிடி கிடைக்கும். மேல் விளிம்புல கல்லு பெருசாவும் கீழ வரவர மாறியும் இருந்தா சரிவு எப்படி நடந்துச்சுன்னு கூட பேசலாம். பாறை எண்ணிட்டியா?

#25 அரைநிலா

எஸ் பேண்ட் ஜாஸ்தி அக்கா, மேல. கீழ வரவர ரெண்டும் கிட்டத்தட்ட சமம் ஆகுது. பாறை எண்ணிட்டிருக்கேன், படத்துல கண்ணுக்கு தெரியற பெருசு மட்டும், இது வரைக்கும் 212. இன்னும் நாக்கோட பாதி கூட தாண்டல.